சிவப்பு மையில் அடிக்கோடு

அம்மாவின் கருமக்கிரியை அறிவிப்பை நான்தான் தட்டச்சு செய்தேன். வேறு யார் செய்வது? வீட்டில் பத்திரிகைக்காரன் நான் ஒருவன்தான். மலாக்கா மாநிலத்து மெர்லிமாவில் ஒரு லோரி கம்பெனி அலுவலகத்தில் எனக்கு வேலை. மிச்ச நேரத்தில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, சாலைப் பள்ளம் என்று எதையும் விடமாட்டேன். செய்திக்கு மேலே என் பெயர் வந்துவிட்டால் போதும், அன்றைக்குச் சோறுகூட வேண்டாம். அப்படி ஒரு பெயர்ப் பைத்தியம்.

அம்மா படுக்கையில் கிடந்த அந்த மாதம் முழுக்க, வேறொரு மாநிலத்தில் நடந்த மதமாற்ற வழக்கு ஒன்று எங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தை விட்டு இறங்கவே இல்லை. கணவன் இஸ்லாத்துக்கு மாறிவிட்டான், பிள்ளை யாரிடம் வளர்வது என்பது வழக்கு. மலாய்ப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தால் அதே வழக்கு வேறு யாருக்கோ நடந்தது மாதிரி இருக்கும். அங்கே அவன் பாவப்பட்டவன், இங்கே அவள் பாவப்பட்டவள். இரண்டு பக்கமும் அந்தப் பிள்ளை என்ன சாப்பிட்டது என்று யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

"மலாக்கா பக்கம் மக்கள் கருத்து வேணும், கொஞ்சம் காரமா" என்று ஆசிரியர் பகுதியிலிருந்து கேட்டார்கள். கிளம்பிவிட்டேன். ஒரு கோயில் கமிட்டிப் பெரியவர், பேச்சு பெண்பிள்ளைகள் பக்கம் போனதும் கோபத்தில், "மதம் மாறிப் போற பொண்ணு பெத்த வீட்டுக்குச் செத்தவளுக்குச் சமம்" என்றார். சொல்லிவிட்டு ஒரு வாய் தேநீர் குடித்தார். பிறகு கோபம் தணிந்து, "என்ன செய்றது, இருந்தாலும் புள்ள புள்ளதானே" என்றார். நான் முதல் வாக்கியத்தைத் தலைப்பாகக் கொடுத்தேன். இரண்டாவதை எழுதவே இல்லை. மறுநாள் என் பெயரோடு அரைப்பக்கம் வந்தது.

என் அக்கா முஸ்லிம். இதை நான் பத்திரிகையில் யாரிடமும் சொன்னதில்லை. நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் மூன்று பேர் வளர்ந்தோம்: அக்கா, நான், தம்பி. அக்கா பேக்டரி வேலைக்குப் போன இடத்தில், அங்கே வேன் ஓட்டிய மலாய்க்காரரைக் கட்டிக்கொண்டு பாயா ரும்புட்டில் குடியேறிவிட்டாள். நான் அவரை, மலாயில் அண்ணன் என்ற பொருளில், 'அபாங்' என்று அழைப்பேன். அம்மா ஒரு வருடம் அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு, ஒரு புதுச் சட்டியும் நாலு மங்குத் தட்டும் கரண்டியும் வாங்கிவந்து பச்சை நாடா கட்டி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அவர்கள் வரும் நாளில் மட்டும் அந்தச் சட்டி இறங்கும். கோழியை அன்றைக்கு ஹலாலாக மலாய்க்காரர் கடையில்தான் வாங்குவாள். "எம் மருமவன் மனசு கோணாம சாப்பிடணும்" என்பாள். அம்மாவுக்கு அவ்வளவு சுலபமாக முடிந்தது, செய்தித்தாளில் நியாயம் எழுதுகிற எனக்கு முடியவில்லை.

அக்கா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். தினமும் காலையில் அபாங் மோட்டார் சைக்கிளில் போய் அவளுக்குத் தமிழ்ப் பேப்பர் வாங்கி வருவார். தம்பி எழுதியது வந்திருக்கிறதா என்று தேடத்தான். அந்த அரைப்பக்கம் வந்த காலையிலும் எனக்குப் போன் செய்தாள். "தம்பி, இன்னிக்கு உன் பேரு பெருசா வந்திருக்குலா. அம்மாகிட்ட காட்டினியா?" என்றாள். தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காட்டினேன் என்று பொய் சொன்னேன்.

பத்து நாளில் அம்மா போய்விட்டாள். கடைசி மாதங்களில் அம்மாவைக் குளிப்பாட்டியதும் நகம் வெட்டியதும் அக்கா. ஆஸ்பத்திரிக்குக் கைக்குழந்தை போலத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார வைத்தது அபாங். நான் வாசலில் நின்று கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பேன்.

பதினாறாம் நாளுக்கு நான்கு நாள் முன்பு அறிவிப்பு எழுத உட்கார்ந்தேன். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று எங்கள் ஊர் அறிவிப்புகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அக்காவின் பழைய தமிழ்ப் பெயரைத்தான் தட்டினேன். அடுத்து மருமக்கள் வரிசை. அங்கே அபாங்கின் பெயரைப் போட வேண்டும். அதற்குக் கீழே அவர்களுடைய மூன்று பிள்ளைகளின் பெயர்கள், எல்லாம் அரபுப் பெயர்கள். ஆசிரியர் பகுதியில் இதைப் பார்ப்பார்கள். அந்தக் கமிட்டிப் பெரியவர் பார்ப்பார். ஊருக்கெல்லாம் உபதேசம், வீட்டில் என்ன கதை பார்த்தாயா என்று சிரிப்பார்கள். அபாங்கின் பெயரை அழித்தேன். பிள்ளைகளின் பெயர்களை அழித்தேன். அக்காவின் பெயர் மட்டும் தனியாக நின்றது. மாப்பிள்ளை எங்கே என்று கேட்பார்களே என்று அதையும் அழித்தேன். மூன்று பிள்ளை பெற்ற அம்மா பேப்பரில் இரண்டு பிள்ளைக்குத் தாயானாள். இடம் போதவில்லை என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கால்பக்கம் கொடுத்திருந்தார்கள், இடம் தாராளமாக இருந்தது.

அறிவிப்பு வந்த காலையில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அபாங். கையில் ஐந்து பேப்பர். அக்காவுக்குக் காய்ச்சல், இன்னும் தூங்குகிறாள், எழுந்ததும் காட்ட வேண்டும் என்றார். பாயா ரும்புட்டில் இரண்டுதான் கிடைத்ததாம், வரும் வழியில் கடை கடையாக நின்று மிச்சத்தை வாங்கியிருக்கிறார். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. அம்மாவின் படத்தை வைத்து அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து மடித்து வைத்திருந்தார்.

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். "இதுல உன் அக்கா பேரு எது? காட்டு, பிள்ளைங்களுக்குக் காட்டணும்" என்று மலாயில் கேட்டார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "நானும் இருக்கேனா?" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். விட்டுப்போய்விட்டது, தப்பு என்னுடையது, நாளைக்குத் திருத்தம் போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் நல்ல மனுஷன், ஒருவேளை தாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் என் விரல் முந்திக்கொண்டது. அக்காவுக்கு என் மனைவியின் பெயரைக் காட்டினேன். அவருக்கு என் தம்பியின் பெயரைக் காட்டினேன். பேப்பரைத் தொடைமேல் வைத்து, இரண்டுக்கும் கீழே நிதானமாகக் கோடு போட்டார். "தெரிமா காசே, டிக்" என்று தம்பி முறை வைத்து நன்றி சொல்லி என் தோளைத் தட்டினார். அவர் போன பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். இத்தனை கேவலமானவனா நான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அழைக்கவில்லை. மறுநாள் அழைத்தாள். "அம்மா படம் நல்லா விழுந்திருக்கு தம்பி" என்றாள். அவ்வளவுதான். கருமாதியன்று குடும்பத்தோடு வந்தாள். எல்லாம் முடிந்ததும் நாற்காலி போட்டு ஏறி, அந்தப் பச்சை நாடாச் சட்டியை இறக்கித் தேய்த்துக் கழுவி, துடைத்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

நோன்புப் பெருநாளுக்கு நானும் மனைவியும் பாயா ரும்புட் போனோம். வீட்டுக்கூடத்தில், அரபு எழுத்துப் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அம்மாவின் அறிவிப்பு மாட்டியிருந்தது. சிவப்புக் கோடு இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. என் மனைவிக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. அறிவிப்பில் அக்கா பெயர் எங்கே என்று அவள் முன்பு கேட்டபோது, அக்காதான் வேண்டாம் என்றாள் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அக்காவின் கடைசி மகளுக்கு எட்டு வயது, அம்மாவை 'மக்' என்றுதான் கூப்பிடுவாள். என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சட்டத்தின் முன்னால் நிறுத்தினாள். "மாமி, தெங்கோ, பாருங்க, இது எங்க மக் பேரு. பாட்டிக்கு மக் புள்ள, அதான் பேப்பர்ல இருக்கு" என்றாள். தன் பெயருக்குக் கீழே இருந்த சிவப்புக் கோட்டை என் மனைவி பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை. "ஆமாம்மா, அழகான பேரு" என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னாள்.

நான் சமையலறைக்குப் போனேன். அக்கா ரெண்டாங் கறியைக் கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அபாங் யாருடனோ சிரித்துப் பேசுவது கேட்டது.

"ஏங்க்கா அவர்கிட்ட சொல்லல?" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "சொன்னா அவரு உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டாரு தம்பி. அவரு வரலன்னா நான் எப்படி வர்றது? அம்மா வாங்கி வச்ச சட்டி இன்னும் அங்கதானே இருக்கு" என்றாள். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

அப்போது சின்னவள் ஒரு பயிற்சிப் புத்தகத்தோடு உள்ளே ஓடிவந்தாள். மலாய் வழித் தேசியப் பள்ளியில் படிக்கிற பிள்ளை, தமிழ் எழுதத் தெரியாது. அந்தச் சட்டத்தைப் பார்த்துப் பார்த்து, பென்சிலால் பக்கம் முழுக்க என் மனைவியின் பெயரை எழுதியிருந்தாள். கோணல்மாணலாக இருந்த எழுத்துகளுக்கு மேல் வேறொரு கை பேனாவால் திருத்தியிருந்தது. சுழியை எங்கே தொடங்க வேண்டும், காலை எங்கே இழுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டிருந்தது. அது அக்காவின் கையெழுத்து. தோட்டத்துப் பள்ளியில் எனக்கும் அவள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாள்.

"மாமா, நீங்கதானே பேப்பர்ல எழுதுறவங்க. மக் பேரு சரியா எழுதியிருக்கேனா?" என்று கேட்டாள்.

அக்கா கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்கும்மா" என்றேன்.

அக்கா திரும்பிக் கிண்ணத்தை மூடினாள்.