ஜெயம்மாவின் உள்ளங்கை

ஐந்து. இந்த எண்ணை மறக்காதீர்கள். உடம்பில் வெண்புள்ளி படர்ந்த இடமெல்லாம் சேர்த்து ஐந்து கை அளவாவது இருந்தால்தான் ஜெயம்மாவை அந்த மருத்துவ ஆராய்ச்சியில் சேர்ப்பார்கள்.

ஜெயம்மா, தங்கச் சுரங்க ஊரான பாலகாட்காரி. வயது ஐம்பத்திரண்டு. தினமும் விடிகாலையில் பக்கத்து ஸ்டேஷனான கோரமண்டலில் ரயிலேறி, பெங்களூரில் ஒரு கேன்டீனில் பரிமாறப் போய்வந்தவள். கன்னத்தில் வெண்புள்ளி வந்ததும் பாத்திரம் கழுவத் தள்ளிவிட்டார்கள். வெண்புள்ளி ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது. சொன்னால் எவன் கேட்டான்? ஒன்பது வருடமாகப் புருஷனுக்குக்கூட அவள் முதுகைக் காட்டவில்லை.

புதுக் களிம்பு ஒன்றைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மருத்துவமனைக்குப் போன் செய்தாள்.

"விரலோட சேர்த்து ஒரு உள்ளங்கைன்னா, உடம்புல நூத்துல ஒரு பங்கு. எத்தனை கை வருதுன்னு அளந்து சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர் ரஷ்மி. "அஞ்சுக்குக் கம்மின்னா சேர்க்க முடியாது."

முதுகு அவளுக்கு எட்டாது. கதவைச் சாத்திவிட்டுப் புருஷன் காத்தவராயனைக் கூப்பிட்டாள்.

"இன்னாயா, அளக்காம பாத்துக்கினே நிக்கிற?"

"உன் முதுகப் பாத்து எவ்ளோ நாளாச்சு. பேசாம நில்லு."

கன்னத்தையும் சேர்த்து அளந்தான். நாலு.

"நல்லாப் பாருயா."

"சுரங்க ஷாஃப்ட்டுல முட்டு மரம் அளந்த கைடி இது. தப்பாது." அவள் முகம் வாடுவதைப் பார்த்தான். "அஞ்சுன்னு சொல்லிடு. ஒண்ணுதானே, இன்னா இப்போ?"

"பொய் சொல்லிச் சேந்தா, மருந்து கேக்குதா இல்லியான்னு எப்படியா தெரியும்? எனக்கப்புறம் வர்றவளும் அதத்தானே பூசணும்?"

நாலு என்றே போனில் சொன்னாள்.

"யார் கையால அளந்தீங்க?"

"வூட்டுக்காரர் கை."

டாக்டர் சிரித்துவிட்டார். "உங்க உடம்புக்கு உங்க கைதாம்மா அளவு."

சுரங்கத்தில் பதினெட்டு வருடம் உழைத்துப் பரந்த கை அவனுடையது. முறம் மாதிரி இருக்கும். காலண்டர் அட்டையில் ஜெயம்மா தன் கையை வைத்து வரைந்தாள். அவனே கத்தரித்தான். அதை அவள் முதுகில் வைத்து வைத்து எண்ணினான். அட்டையை எடுத்த இடத்திலெல்லாம் தன் கையையும் ஒருமுறை வைத்தான்.

"அது எதுக்குயா?"

"சரி பாக்கறேன்."

மறுவாரம் மருத்துவமனையில் டாக்டரும் அளந்து படிவத்தில் எழுதினார்.

ஆறு.