லில்லோவின் ஆறு மதியங்கள்

லில்லோ வீட்டில் அடுப்பு உண்டு. அதன் மேல் அவர் தபால்களை அடுக்கி வைத்திருப்பார். அறுபத்து மூன்று வயதுக்குள் அந்த அடுப்பில் அவர் காபியைத் தவிர வேறெதையும் செய்ததாக எங்கள் தீவில் யாருக்கும் நினைவில்லை.

திங்கள், புதன், வெள்ளியில் அவருக்கு மதியச் சாப்பாடு என் மாமா சாரோவின் உணவகத்தில். செவ்வாய், வியாழன், சனியில் என் அம்மா ஃபினாவின் உணவகத்தில். ஞாயிற்றுக்கிழமை இரண்டிலும் இல்லை. அன்று வீட்டில் ரொட்டியும் தக்காளியும் டின்னில் வரும் சூரை மீனும். ஏழு நாளை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரிக்க முடியாது என்பதால் அவரே செய்துகொண்ட ஏற்பாடு அது. ஞாயிறு யாருக்குப் போனாலும் மற்றவர் ஒரு வாரம் அவரிடம் பேசமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

எங்கள் லினோசா தீவில் குளிர்காலத்திலும் அடுப்பு அணையாத உணவகங்கள் இந்த இரண்டுதான். முன்பு ஒன்றாக இருந்தது. தாத்தா இறந்த வருடம், அவருடைய பருப்பு சூப்பில் காட்டுப் பெருஞ்சீரகக் கீரை போட்டாரா போடவில்லையா என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு வந்தது. போட்டார் என்றாள் அம்மா. போடவே இல்லை என்றார் மாமா. மூன்றாம் நாள் அம்மா இரண்டு வாணலிகளை எடுத்துக்கொண்டு தெருவின் மேல் கோடிக்கு வந்துவிட்டாள். ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொண்டதில்லை. எதிரே வந்தால் அம்மா எரிமலையைப் பார்ப்பாள், மாமா கடலைப் பார்ப்பார்.

இரண்டு இடத்துக்கும் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் லில்லோ ஒருவர்தான். இரண்டு இடத்திலும் அவர் பெயர் எழுதிய பாதி ஒயின் புட்டி ஒன்று இருக்கும். உணவுப் பட்டியலை அவர் கையால் தொட்டதில்லை. என்ன வருகிறதோ அதைச் சாப்பிடுவார், ரொட்டித் துண்டால் தட்டைத் துடைப்பார், நன்றி சொல்லிவிட்டுப் போவார். கோடையில் வரும் ஜெர்மன்காரர்கள், அந்த ஆளுக்கு மட்டும் பட்டியலில் இல்லாத சாப்பாடு எப்படி வருகிறது என்று என்னிடம் கேட்பார்கள். அவர் இங்கே குடியிருப்பவர் என்று சொல்லி வைப்பேன்.

அம்மா அவர் வாயைப் பிடுங்கிப் பார்ப்பாள்.

"நேத்து கீழே என்ன போட்டாங்க, லில்லோ?"

"சாப்பாடு."

"அது தெரியும். எப்படி இருந்துச்சு?"

"சூடா இருந்துச்சு."

மாமாவிடமும் இதே பதில்தான் என்று பின்னால் தெரிந்தது.

அவருக்கு வேலை துறைமுகத்தில். நண்பகலில் கப்பல் வந்ததும் அதிலிருந்து வீசும் கயிற்றை வாங்கிக் கருங்கல் மேடையில் இருக்கும் இரும்புக் குற்றியில் மாட்டுவார். சரக்கு இறங்கியதும் அவிழ்த்துவிடுவார். கப்பல் ஹார்ன் அடித்துவிட்டு பக்கத்துத் தீவான லம்பெதூசாவுக்குப் போகும், சாயங்காலம் திரும்ப வரும். எங்கள் முறை வரும் நாட்களில் அந்த ஹார்ன் கேட்டவுடன் அம்மா பாஸ்தாவைக் கொதிநீரில் போடுவாள். அவர் மேலே நடந்து வரப் பதினோரு நிமிடம். வேக ஒன்பது, கிளறிப் பரிமாற இரண்டு. மாமாவின் சமையலறை ஜன்னல் துறைமுகத்தைப் பார்த்தது. லில்லோ குனிந்து துறைமுகத்துக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பிப்பதைப் பார்த்ததும் அவர் போடுவார். இந்தக் கணக்கு தப்பியதே இல்லை. வெந்த பாஸ்தா யாருக்காகவும் காத்திருக்காது. ஆள்தான் அதற்காகக் காத்திருக்க வேண்டும். இது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

போன அக்டோபரில் லில்லோவின் அக்கா தெரேசா வருவதாகக் கடிதம் வந்தது. நவம்பரோடு லில்லோவுக்குத் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு. அதன் பிறகு அவர் தீவில் தனியாக இருக்கக் கூடாது, அக்ரிஜெந்தோ நகரில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது அந்த அம்மாளின் முடிவு. மாடியில் ஓர் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துத் தயாராக வைத்திருந்தார். தாய் இல்லாத லில்லோவைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவர் அவர். அவர் சொல்லி லில்லோ எதையும் மறுத்ததில்லை.

"போறதுக்கு உங்களுக்கு இஷ்டமா?" என்று அம்மா கேட்டாள்.

லில்லோ ரொட்டியைப் பிய்த்தபடி ஜன்னலைப் பார்த்தார். "அங்கே கடலைப் பார்க்கணும்னா பஸ் ஏறணும்" என்றார்.

"அப்ப வரலைன்னு சொல்லிடுங்க."

"அக்காகிட்டயா?"

அம்மா வேறு வழி யோசித்தாள். தெரேசா சனிக்கிழமை வருகிறார், சனி நம் முறை, அவரை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டால் தம்பி இங்கே எப்படி வாழ்கிறான் என்பது தானாகப் புரியும் என்று கணக்குப் போட்டாள். வெள்ளி இரவே பருப்பை ஊறவைத்தாள். எங்கள் தீவுப் பருப்பு பொடிசு, ஊறவைக்கத் தேவையில்லை. இருந்தாலும் வைத்தாள்.

சனிக்கிழமை தெற்கிலிருந்து சிரோக்கோ காற்று எழுந்தது. கப்பல் வரவில்லை. லில்லோ மட்டும் வந்து சாப்பிட்டார்.

"பரவாயில்லை, நாளைக்கு ஸ்பெஷலா கப்பல் விடுறாங்களாம். நேரா இங்கே கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள் அம்மா. லில்லோ தட்டைத் துடைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் துறைமுகத்தில் மாமா அவரைப் பிடித்திருக்கிறார். "சனிக்கு அடுத்த முறை என்னுதுதானே? நாளைக்கு உங்க அக்காவுக்கு என் வீட்ல சாப்பாடு. கேட்டுதா?" லில்லோ அங்கேயும் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற ஊர்களில் வாயைத் திறக்காவிட்டால் சம்மதமில்லை என்று நினைப்பார்களோ என்னவோ. லில்லோவை அறிந்தவர்களுக்கு அது சம்மதம்தான். இரண்டு பேரும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

லில்லோவோ ஞாயிற்றுக்கிழமை யாருடையதும் இல்லை என்று முடிவு செய்து, கடையில் இரண்டாவது ஒரு டின் வாங்கி வந்திருந்தார்.

மறுநாள் பன்னிரண்டரைக்குக் கப்பல் வந்தது. ஒரு மணிக்கு ஹார்ன் அடித்தது. அம்மா ஸ்பகெட்டியை ஒடித்துப் பருப்பில் போட்டாள். ஜன்னலில் நின்றிருந்த மாமாவும் போட்டார். லில்லோ அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் பாதையில் வீட்டுக்குப் போனார்.

பதினொன்றாம் நிமிடம் அம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டாம் நிமிடம் என்னை ஓடிப் பார்க்கச் சொன்னாள். தெருவின் நடுவில்தான் லில்லோவின் வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே தெரேசாவின் குரல்.

"இது என்னடா?"

"சூரை மீன், அக்கா. நல்ல கம்பெனி."

"ஞாயித்துக்கிழமை. வீட்டுக்கு அக்கா வந்திருக்கேன். டின்னைத் திறந்து வைக்கிறே. அடுப்பு மேல கரண்ட் பில்லு. இப்படித்தான் இருக்கியா இத்தனை வருஷமா?"

"இல்லக்கா, ஞாயித்துக்கிழமை மட்டும்..."

"பெட்டி எங்கே இருக்கு? கட்டிலுக்கு அடியிலதானே? எடு. சாயங்காலக் கப்பல்ல ரெண்டு பேரும் போறோம்."

நான் திரும்பி ஓடி அம்மாவிடம் சொன்னேன். பெட்டி என்றதும் அம்மா எதுவும் கேட்கவில்லை. இரண்டு துணிகளால் பானையைப் பிடித்துத் தூக்கினாள். "கதவைச் சாத்து. கரண்டி எடுத்துக்க. இன்னும் நாலு நிமிஷம் போனா இது கூழ்" என்று சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கினாள்.

நாங்கள் மேலிருந்து வர, காத்துப் பார்த்துப் பொறுமை போய்க் கீழிருந்து மாமா வந்தார். ஏப்ரன்கூடக் கழற்றவில்லை. அவர் கையிலும் ஒரு பானை, மேலே தட்டு கவிழ்த்து. லில்லோவின் வாசலில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றோம். அம்மா எரிமலையைப் பார்த்தாள். மாமா பார்க்கக் கடல் அந்தப் பக்கம் இல்லை. சுவரைப் பார்த்தார்.

தெரேசா வெளியே வந்தார். கையில் மடித்த சட்டை ஒன்று. "என்ன எல்லாரும் பானையோட? யாராவது செத்துட்டாங்களா?"

"சாப்பாடு, அக்கா" என்றார் மாமா. "லில்லோ என்கிட்டதான் சாப்பிடுவார்."

"சொல்லுடீ உன் மாமாகிட்ட" என்று அம்மா என் பக்கம் திரும்பினாள். "நேத்து வரவேண்டிய விருந்தாளி எனக்குச் சேர வேண்டியவங்கன்னு."

"சொல்லும்மா உங்க அம்மாகிட்ட" என்றார் மாமா. "நேத்தோட அவ முறை முடிஞ்சுதுன்னு."

நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொல்வதற்கும் ஒன்றும் இருக்கவில்லை, இருவருக்கும் காது நன்றாகவே கேட்டது. "பாஸ்தா குழையுது" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் இருவரும் உள்ளே நுழைந்தார்கள்.

தெரேசா சட்டையைக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். டின்னை ஒதுக்கினோம். இரண்டு பானைகளையும் மேசையில் வைத்துத் திறந்தோம். இரண்டிலும் அதே பருப்பு, அதே ஒடித்த ஸ்பகெட்டி. ஒன்றில் பச்சையாகக் கீரை, ஒன்றில் இல்லை. தெரேசா இரண்டிலிருந்தும் தட்டு நிறைய வாங்கினார். நிதானமாகச் சாப்பிட்டார். மாமாவும் அம்மாவும் பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகள் போல ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

"உங்க ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?" என்று கேட்டார் தெரேசா.

"எங்க அப்பா கீரை போட்டாரா இல்லையாங்கிறது" என்றாள் அம்மா.

"உங்க அப்பாவா?" தெரேசா கரண்டியை நிறுத்தினார். "அவர் பருப்பை நான் சின்ன வயசுல சாப்பிட்டிருக்கேன். எப்பவும் அடிப்பிடிச்சிருக்கும். அந்தக் கருகல்ல கீரை எங்கே தெரியும், எது தெரியும்?"

மாமா முன்னால் வந்தார். "எங்க அப்பா பானை ஒரு நாளும் அடிப்பிடிச்சதில்லை."

"ஒரு நாளும் இல்லை" என்றாள் அம்மா. "அண்ணன் சொல்றதுதான் சரி. அவர் அடுப்பை விட்டு நகரவே மாட்டார்."

"ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்" என்றார் மாமா.

"மூணு கால் ஸ்டூல்" என்றாள் அம்மா.

"சரி, சரி. நான்தான் வேற யார் வீட்டுப் பருப்பையோ சொல்றேன் போல" என்றார் தெரேசா. அவர் முகத்தைப் பார்த்தால் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. மறுபடியும் தட்டை நீட்டினார். எந்தப் பானை என்று சொல்லவில்லை. அம்மாவும் மாமாவும் சேர்ந்தே கரண்டியை எடுத்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் தெரேசா தம்பியைப் பார்த்தார். "டேய், நவம்பருக்கு அப்புறம் கப்பலும் கிடையாது, கயிறும் கிடையாது. இவங்க எத்தனை நாளைக்கு உனக்குப் போடுவாங்க? என் வீட்ல உனக்கு என்ன குறை? ரூம் இருக்கு, பேரப்பிள்ளைங்க இருக்காங்க. உனக்கு என்னதான் வேணும், வாயைத் திறந்து சொல்லு."

லில்லோ மௌனமாக இருந்தார். அது எங்களுக்குப் பழகிய மௌனம். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மௌனம் என்றால் என்ன பொருள் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், அவருடைய அக்காவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

"நான் வரலை, அக்கா" என்றார் லில்லோ.

தெரேசா தட்டை நகர்த்தி வைத்தார்.

"உன் வீட்டுக்கு வந்தா நான் விருந்தாளி" என்றார் அவர். மேசையைப் பார்த்தே பேசினார், ஆனால் நிறுத்தாமல் பேசினார். "வரலைன்னாலும் அங்கே எதுவும் நிக்காது. இங்கே நான் ஒரு வேளை வராட்டி ரெண்டு அடுப்புல பாஸ்தா குழையுது. பாரு, தெருவுல பானையைத் தூக்கிட்டு ஓடி வர்றாங்க. இதை விட்டுட்டு நான் எங்கே வர்றது?"

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தெரேசா எழுந்துபோய்க் கட்டிலில் கிடந்த சட்டையை எடுத்து உதறி, அலமாரி ஆணியில் மாட்டினார். "காலர் கிழிஞ்சிருக்கு" என்றார். "ஊசி நூல் இருக்கா? அதுவாவது இருக்கா இந்த வீட்ல?"

சாயங்காலம் கப்பல் திரும்பி வந்தபோது நாங்கள் எல்லோரும் துறைமுகத்தில் இருந்தோம். தெரேசாவின் பையில் அம்மா இரண்டு கிலோ பருப்பு வைத்திருந்தாள். மாமா ஊறுகாய் போல உப்பிட்ட கேப்பர்ச் செடி மொட்டு ஒரு பாட்டில் கொடுத்தார். அது உடைந்துவிடும், துணியில் சுற்றிக் கொடுக்கலாமே என்று அம்மா காற்றிடம் சொன்னாள். மாமா ஏப்ரனைக் கழற்றி அதைச் சுற்றினார்.

தெரேசா ஏறியதும் லில்லோ குற்றியிலிருந்து கயிற்றைத் தூக்கி எறிந்தார். தன் அக்காவின் கப்பலைத் தானே அவிழ்த்துவிட்டார். கருங்கல்லுக்கும் கப்பலுக்கும் நடுவில் தண்ணீர் ஒரு முழமானது, இரண்டு முழமானது.

"அந்த ரூமைப் பேரனுக்குக் குடுத்துடப் போறேன்" என்று மேல்தளத்திலிருந்து தெரேசா கத்தினார். "அப்புறம் கேட்டா கிடையாது."

"குடு, அக்கா" என்றார் லில்லோ.

"பழம் சாப்பிடு. பாஸ்தாவை மட்டும் தின்னுக்கிட்டு இருக்காதே."

"சரிக்கா."

"குளிர்ல தலையில ஏதாவது கட்டிக்க."

அதற்கு அவர் சொன்ன பதில் எஞ்சின் சத்தத்தில் போய்விட்டது. தெரேசாவுக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் அந்த அம்மாள் தலையாட்டினார். கப்பல் தீவின் முனையைச் சுற்றித் திரும்பும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றார். லில்லோவும் நின்றார். பிறகு குனிந்து, கரையில் கிடந்த ஈரக் கயிற்றை வட்டம் வட்டமாகச் சுருட்டி மேடையின் ஓரத்தில் வைத்தார்.