நாலாவது சுற்றில் ஒரு பை

எங்கள் வீட்டு செஸ் பெட்டியில் ஒரு வெள்ளைக் குதிரை கிடையாது. அப்பா கொத்தனார் வேலைக்குப் போன ஒரு வீட்டில், "எங்க பசங்க பெரிசாயிட்டாங்க, நீ எடுத்துக்கினு போப்பா" என்று கொடுத்த பெட்டி அது. வரும்போதே ஒரு குதிரை குறைச்சலாகத்தான் வந்தது. அதற்குப் பதிலாக இருமல் மருந்து பாட்டிலின் வெள்ளை மூடியை வைத்துக்கொண்டோம். மூடியும் குதிரை மாதிரியே தாவும். யாரும் கேள்வி கேட்டதில்லை.

எனக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவள் அக்கா. பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பெண்கள் ஆடுவதை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவள் அவள். ஜன்னலுக்கு வெளியே நின்றால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அதில் பாதி எனக்குத் தெரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டே எங்கள் தெருப் பையன்கள் எல்லாரையும் நான் ஜெயித்துவிட்டேன். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, தவளக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் செஸ் போட்டி என்று அப்பா ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்தார். யார் வேண்டுமானாலும் பேர் கொடுக்கலாம். ஒரு நாளைக்கு மூன்று சுற்று, மொத்தம் ஆறு. தோற்றாலும் வெளியே அனுப்ப மாட்டார்கள், ஆறையும் ஆடலாம். இது நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

சனிக்கிழமை அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. அதனால் அப்பாதான் மொபெட்டில் கூட்டிக்கொண்டு போனார். பெரிய கூடம், நீள நீள மேசை. என் பலகையில் இரண்டு வெள்ளைக் குதிரையும் குதிரையாகவே நின்றன. மூடியைப் பார்த்தே பழகிய எனக்கு அது கொஞ்ச நேரம் குழப்பமாகத்தான் இருந்தது.

எதிரே உட்கார்ந்தது இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். பத்து நகர்த்தல்கூட ஆகியிருக்காது, அவள் ராஜாவைத் தூக்கி இரண்டு கட்டம் தள்ளி வைத்தாள். அப்படியே யானையையும் தூக்கி ராஜாவுக்கு இந்தப் பக்கம் வைத்தாள். ஒரே முறையில் இரண்டு காய்! நான் வாயைத் திறப்பதற்குள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவின் குரல் கேட்டது.

"சார்! சார்! அந்தப் பொண்ணு ஒரே தபாவுல ரெண்டு காய நவுத்துது சார்!"

கூடமே திரும்பிப் பார்த்தது. நடுவர் சார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார்.

"ஐயா, அது கேஸ்லிங். கோட்டை கட்டறதுன்னு சொல்லுவோம். ஒரு ஆட்டத்துல ஒரு வாட்டி அப்படிப் பண்ணலாம்."

"கேஸ்லிங்கோ கீஸ்லிங்கோ, ரெண்டு காய் ரெண்டு காய்தான சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சடைப் பெண் மட்டும் சிரிக்கவில்லை, பாவம், அவள் பயந்துவிட்டாள். நடுவர் என்னிடம் குனிந்து, ராஜாவும் யானையும் அதுவரைக்கும் நகராமல் இருந்தால், நடுவில் எந்தக் காயும் இல்லையென்றால் செய்யலாம் என்று பொறுமையாகச் சொன்னார். இன்னும் ஒன்றிரண்டு நிபந்தனையும் சொன்னார். அதெல்லாம் என் காதில் ஏறவில்லை. அந்த ஆட்டம் போனது. அடுத்ததும் போனது. மூன்றாவது, நான் எழுந்து தண்ணீர் குடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே போனது.

திரும்பி வரும்போது கிருமாம்பாக்கம் தாண்டியதும் அப்பா மொபெட்டை மெதுவாக்கினார். பிறகு கேட்டார்.

"ஏண்டா, அந்தக் கோட்டை கட்டறது உனக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"எனக்கும் தெரியாது. தெரியாத ரெண்டு பேரு சேந்துக்கினு தெரிஞ்ச பொண்ணுகிட்ட சண்டைக்குப் போயிருக்கறோம்."

வீட்டுக்கு வந்ததும் செஸ் பெட்டிக்கு ரப்பர் பேண்டு போட்டு டிவி மேல் வைத்துவிட்டேன்.

"மூணுக்கு மூணும் அவுட்டா? இவருதான் நம்ம தெரு சாம்பியனு!" என்றாள் அக்கா.

"நீ ஒழுங்கா கத்துக் குடுத்திருந்தா தெரியும். இனிமே நா ஆடல. நாளிக்கிப் போவல."

அப்பாவும் கையை விரித்துவிட்டார். "என்னால முடியாது. அந்த சார் மூஞ்சில எப்பிடி முழிக்கறது?"

அம்மா அப்போதுதான் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கி வந்திருந்தாள். தலையில் நூல் பிசிர் ஒட்டியிருந்தது. செஸ்ஸில் யானை எது, ராணி எது என்று அவளுக்குத் தெரியாது.

"நாளிக்கி இன்னும் எத்தினி ஆட்டம்?"

"மூணு."

"ஆறு ஆடறேன்னு பேரு குடுத்துட்டு மூணுல வந்தா இன்னா அர்த்தம்? நாளிக்கி எனக்கு லீவுதான். நா கூட்டிக்கினு போறேன்."

"மூணும் தோத்துட்டா?"

"தோத்துட்டா அந்தப் பெட்டிய நானே தூக்கிப் பரண்ல போட்டுடறேன். அப்பறம் செஸ்ஸுன்னு வாயத் தொறக்க மாட்டேன். ஒண்ணு ஜெயிச்சாலும் பெட்டி கீழ இருக்கணும். சரியா?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. பெட்டி பரணுக்குப் போவது உறுதி என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தேன். அப்படி நினைத்ததும், அந்த மூடிக் குதிரைக்காகக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

ஞாயிறு காலை. யார் யாரோடு ஆட வேண்டும் என்று ஒரு சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒரு பேர், அதற்கு எதிரே இன்னொரு பேர். என் பேர் கடைசியில் இருந்தது. எதிரே பேர் இல்லை. 'பை' என்று எழுதியிருந்தது.

பிள்ளைகளே, உங்களில் போட்டிக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட வந்தவர்கள் ஒற்றைப்படையில் இருந்தால் ஒருவருக்கு ஜோடி கிடைக்காது. அவருக்கு அந்தச் சுற்றில் ஆட்டம் கிடையாது. ஆடாமலே ஒரு பாயிண்ட் கொடுத்துவிடுவார்கள். அதற்கு இங்கிலீஷில் 'பை' என்று பேர். அன்றைக்கு யாரோ ஒரு பிள்ளை வரவில்லை, அதனால் ஒருவர் மிச்சம். அந்த மிச்சம் பெரும்பாலும் யாருக்குப் போகும் என்றால், எல்லாருக்கும் கீழே, கடைசியில் இருப்பவருக்கு.

எனக்கு இதெல்லாம் தெரியாது. தமிழில் எழுதியிருந்தது, தமிழில் படித்தேன். போன வருஷத்திலிருந்து என் புத்தகப் பைக்கு ஜிப் கிடையாது. மூன்று ஊக்கு குத்தித்தான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போவேன். அப்படிப்பட்டவன் வேறு எப்படிப் படிப்பான்?

ஆனாலும் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று, சார்ட் ஒட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணா, எனக்கு பைன்னு போட்டுருக்குது."

"ஆமாண்டா, உனக்கு பைதான். போ, போய் ஜாலியா வெளிய உக்காரு."

ஓடினேன். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நிழலில் அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"மா! எனக்கு பை குடுக்கறாங்களாம்!"

"இன்னா பை?"

"செவுத்துல எழுதிப் போட்டுருக்காங்கமா. எல்லாருக்கும் எதிர்ல பேரு. எனக்கு மட்டும் பை!"

"நேத்து ஒண்ணுகூட ஜெயிக்கலியேடா. உனக்கு எதுக்கு?"

நானும் அதை யோசித்து வைத்திருந்தேன். "எழுந்து சுத்தாம ஒழுங்கா உக்காந்து ஆடுனதுக்கா இருக்கும்மா."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "எம் பையனுக்குப் பை குடுக்கறாங்களாம்" என்றாள். அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்துவிட்டு, "அப்பிடியா, சந்தோஷம்" என்று மட்டும் சொன்னார்கள்.

"இரு, ஜிப்பு நல்லா ஓடுதான்னு பாத்து வாங்கணும். நீ போனா இன்னாத்தையாவது தலையில கட்டிடுவாங்க" என்று அம்மாவே எழுந்து நடுவர் மேசைக்குப் போனாள்.

நான் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தேன். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இரண்டு இரண்டு விரலாகச் சேர்த்துக் காட்டினார், கடைசியில் ஒற்றை விரலைத் தனியாக நீட்டினார். அம்மா தலையாட்டினாள். ஒரு பைக்கு இவ்வளவு நேரமா என்று எனக்குப் பொறுமை போய்விட்டது.

அம்மா மெதுவாக வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இன்னாமா சொன்னாரு?"

"உனக்குத்தானாம்."

"எங்க?"

"அப்பறம் வரும். அதில்லாம ஒரு பாயிண்ட்டும் உனக்கு உண்டாம். இன்னும் ரெண்டு ஆட்டம் இருக்குதாம், போய் நல்லா ஆடு."

பையும் கொடுத்துப் பாயிண்ட்டும் கொடுக்கிறார்கள் என்றால் என்னிடம் ஏதோ இருக்கத்தான் வேண்டும். ஐந்தாவது சுற்றுக்கு நான் போய் உட்கார்ந்த தோரணையைப் பார்த்து எதிரே இருந்த பையனே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். முதல் வேலையாக, இடையில் இருந்த காய்களை நகர்த்திவிட்டுக் கோட்டை கட்டினேன். அம்மா வெளியிலிருந்து பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டேதான் இரண்டு காயையும் வைத்தேன். பிறகு அவசரப்படவில்லை. அவனுடைய ராணி எங்கெங்கோ ஓடி என் சிப்பாய்களைத் தின்றது. தின்னட்டும் என்று விட்டேன். கொஞ்ச நேரத்தில் என் வெள்ளைக் குதிரை, வீட்டில் மூடியாக இருக்குமே, அதே குதிரை, ஒரு தாவு தாவி நின்றது. ஒரு பக்கம் அவன் ராஜா, இன்னொரு பக்கம் அவன் ராணி. அவன் நெடுநேரம் பலகையைப் பார்த்தான். ராஜாவை நகர்த்தினான். நான் ராணியை எடுத்தேன். அதற்கப்புறம் முடிப்பதற்கு நேரம் எடுத்தது, ஆனால் முடித்துவிட்டேன்.

நடுவர் சார் தாளில் எழுதிக்கொண்டே என்னைப் பார்த்து, "கோட்டை கட்டினியா?" என்றார். நான் தலையாட்டினேன்.

ஆறாவது ஆட்டத்தில் தோற்றேன். அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பெட்டி கீழேதான் இருக்கப்போகிறது.

எல்லாருக்கும் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். பை மட்டும் வரவில்லை. பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன்.

"கம்மியா வாங்கினு வந்துட்டாங்களாம். என்கிட்ட அட்ரஸ் கேட்டு எழுதிக்கினாங்க. வூட்டுக்கே வரும்" என்றாள் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

அந்த வாரம் எனக்கு இரண்டு விஷயம் நினைவிருக்கிறது. ஒன்று, தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் தபால்காரர் வந்தாரா என்று அக்காவிடம் கேட்டு அவளிடம் திட்டு வாங்கியது. இன்னொன்று, அம்மாவின் சாப்பாட்டு டப்பா. அதில் தினமும் பாதிச் சோறு அப்படியே திரும்பி வந்தது. "மத்தியானம் சாப்பிடாம அங்க இன்னாதான் பண்ற நீ?" என்று அக்கா கத்துவாள். "வேல இருந்துதுடி" என்பாள் அம்மா. குழம்பு நன்றாக இல்லை போலிருக்கிறது, அதை அக்காவிடம் சொல்லப் பயப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் குழம்பு வைத்தது அக்கா.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆணியில் ஒரு பை தொங்கியது. காக்கி நிறம், இரண்டு தோள்வார், சர்ரென்று ஓடும் ஜிப். முன்பக்கம் செஸ் பலகை மாதிரியே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாகத் துணி வைத்துத் தைத்திருந்தது. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். நீலத் துணி.

"அக்கா, உன் பழைய பள்ளிக்கூடப் பாவாட மாதிரியே இருக்குது!"

அக்கா உள்ளே பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"நீலத் துணின்னா எல்லாம் ஒரே மாதிரிதாண்டா இருக்கும்" என்றாள் அம்மா, அவளை முந்திக்கொண்டு.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். பிறகு, "நல்லாத்தான் குடுத்திருக்காங்க" என்றாள். அன்றைக்கு ராத்திரி வரை ஏனோ அவள் என்னோடு சண்டையே போடவில்லை.

அந்தப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். யார் கேட்டாலும், "செஸ்ஸுல குடுத்தாங்க" என்பேன். அது பொய் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

நாலைந்து மாதம் கழித்து அரியாங்குப்பத்தில் இன்னொரு போட்டி. அதற்கும் அம்மாவோடுதான் போனேன், அந்தப் பையோடுதான் போனேன். இரண்டாவது நாள் காலையில் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு ஒரு சின்னப் பையன் அழுதுகொண்டு அவன் அம்மாவிடம் வந்தான். எல்லாருக்கும் ஆள் இருக்கிறது, தனக்கு மட்டும் இல்லை, தனக்குப் பை என்று போட்டிருக்கிறார்கள் என்று தேம்பினான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. விவரம் தெரிந்தவன் என்கிற முறையில் அவன் பக்கத்தில் போனேன்.

"அதுக்கு எவனாவது அழுவானாடா? எனக்குக்கூட குடுத்தாங்க. இத பாரு!" முதுகைத் திருப்பிக் காட்டினேன். "இன்னிக்கே குடுக்க மாட்டாங்க. வூட்டுக்கு வரும். நாலு நாள் ஆவும், அவ்வளவுதான்."

அவன் அழுகையை நிறுத்திவிட்டுக் கட்டம் போட்ட துணியைத் தொட்டுப் பார்த்தான். ஜிப்பை ஓட்டிப் பார்த்தான். அவன் அம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு என் அம்மாவைப் பார்த்தாள். என் அம்மா அவளிடம் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏம்மா, உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?"

செஸ் போட்டி நடக்கிற இடத்தில் அம்மா எதற்குத் தையலைப் பற்றி விசாரிக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. அன்றைய முதல் சுற்றுக்கு மணி அடித்துவிட்டார்கள். நான் பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஆடப் போனேன்.