பேர் மட்டும் எழுதவில்லை

எண்பதுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்தில் நடந்தது இது. இடம், ஏற்காடு மலை. எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். கரடியூர், தலைச்சோலை, வெள்ளக்கடை என்று அங்கே சின்னச் சின்ன ஊர்கள் நிறைய உண்டு. அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் சொல்ல மாட்டேன் என்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

அப்போதெல்லாம் ஐ.ஏ.எஸ். பரீட்சையை மூன்று முறைதான் எழுதலாம். எனக்கு இரண்டு முடிந்திருந்தது. இதிலும் தேறாவிட்டால் கல்யாணம் என்று சேலத்தில் எங்கள் வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். முதல்நிலைத் தேர்வில் எப்படியோ தேறிவிட்டேன். மெயின் பரீட்சை வரை நிம்மதியாகப் படிக்கலாம் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணனிடம் போனேன். அண்ணன் மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர்; ஆள் கணக்கும் கூலிக் கணக்கும் அவர் கையில். குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார்.

நான் எடுத்திருந்த பாடம் சமூகவியல். அதுவும் தமிழில் எழுதுவதாக வீராப்பாக விண்ணப்பத்தில் குறித்துவிட்டேன். தமிழில் ஒரு புத்தகம்கூடக் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் படித்து, புரிந்ததைத் தமிழில் எழுதி, அதையே திரும்பத் திரும்ப எழுதிப் பழக வேண்டும். உறவுமுறை, குடும்பம், அதிகாரம் என்று தலைப்புப் போட்டுச் சுவர் முழுக்க அட்டை ஒட்டினேன். பனியில் பசை காயாமல் காலையில் எல்லாம் தரையில் கிடக்கும்.

முந்தைய இரண்டு முறையும் இந்தப் பாடத்தில்தான் மார்க் குறைந்தது. எங்கள் தெருவில் எனக்கு முன்பே இந்தப் பரீட்சை எழுதிய ஒருவர் என் விடைகளைத் திருத்திக் கொடுப்பார். "புத்தகத்துல இருக்கறத எல்லாருந்தான் எழுதுவாங்க. நீ கண்ணால பாத்தத எழுது, அப்பத்தான் மார்க்கு" என்றார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

எஸ்டேட்டுக்குக் களை வெட்ட வரும் பெண்களில் ஒருத்தி, மழை வலுத்தால் எங்கள் வராந்தாவில் வந்து ஒதுங்குவாள். மலையிலேயே பிறந்து வளர்ந்த விவசாயக் குடும்பம். என் வயதுதான், ஆனால் இரண்டு பெண் குழந்தைகள். நான் வரக்காப்பி போட்டுக் கொடுப்பேன். அவள் மடியிலிருந்து கொய்யாவோ ஆரஞ்சோ எடுத்து வைப்பாள். நான் சும்மா இருக்காமல் கேள்வி கேட்பேன். உங்கள் வீட்டில் பெண் எடுப்பது எந்த ஊரில், சோறு முதலில் யாருக்கு, காட்டில் என்ன விதைப்பது என்று யார் சொல்வது? எல்லாம் என் புத்தகத்தின் பாடத் தலைப்புகள். யாரும் தன்னை இப்படி உட்கார வைத்துக் கேட்டதில்லை என்று அவள் சிரிப்பாள். அவளுக்கு நான் சிநேகிதி. எனக்கு அவள் ஒரு உதாரணமாகத்தான் இருந்தாள் என்பதை இன்றைக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஒருநாள் அவளுடைய மூத்த பெண்ணும் கூட வந்திருந்தாள். நான் தாளில் உறவுமுறைப் படம் போட்டுக் காட்டினேன். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், அவற்றை இணைக்கக் கோடு. "இந்த வட்டம் நானுங்களா?" என்று அது விரல் வைத்துக் கேட்டது. ஆமாம் சாமி, நீதான் என்றேன்.

அன்றைக்குக் குழந்தை முற்றத்தில் விளையாடப் போன பிறகுதான் அவள் அதைச் சொன்னாள். இரண்டாவது பிரசவத்தில், ஆஸ்பத்திரிக்குக் கீழே இறங்கும் வழியில் ஜீப் நின்றுபோய், செத்துப் பிழைத்திருக்கிறாள். புகுந்த வீட்டில் ஆண் பிள்ளைக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, சேலத்துக்குப் போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு வந்துவிட்டாள். தழும்பைப் பார்த்துப் புருஷன் கேட்டதற்கு வயிற்றில் கட்டி எடுத்ததாகச் சொல்லியிருக்கிறாள்.

"வெளிய உட்றாதீங்க அம்மிணி. தெரிஞ்சா ஊட்ட உட்டுத் தொரத்திருவாங்க" என்றாள்.

சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன். சொல்லவும் இல்லை. எழுதினேன்.

'குடும்பத்தில் முடிவெடுக்கும் அதிகாரம்' என்பது வழக்கமாக வரும் கேள்வி. அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? ஏழெட்டு முறை எழுதிப் பழகினேன். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் விவரம் சேர்த்தேன். ஊர், இரண்டு பெண்கள், நின்றுபோன ஜீப், கட்டி என்று சொன்ன பொய், எல்லாம். பெயரை மட்டும் எழுதவில்லை. ஆராய்ச்சி செய்பவர்கள் பெயர் போட மாட்டார்கள் என்று படித்திருந்தேன். நானும் அந்த நாகரிகம் தெரிந்தவள் என்று மனதுக்குள் ஒரு பெருமை. தபாலில் அனுப்பியதைத் திருத்துபவரும் ஓரத்தில் சிவப்பு மையில் 'அருமை' என்று எழுதி அனுப்பினார்.

எழுதி முடித்த தாள்கள் மூலையில் குவிந்தன. மழை ஈரத்தில் நமுக்கத் தொடங்கவே, ஒரு கட்டாக எடுத்துப் போய் ஏற்காட்டில் நாங்கள் மளிகை வாங்கும் பாய் கடையில் கொடுத்தேன். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு இரண்டு மெழுகுவர்த்தி கொடுத்தார். பரீட்சைக்குப் படிக்கிற எல்லோரும் செய்கிற காரியம்தான். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் அவள் களை வெட்ட வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தேன். சாமான் வாங்கக் கடைக்குப் போனபோது, பாய் மற்றவர்கள் போகும்வரை என்னை நிற்க வைத்தார். பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து என் தாள்களை எடுத்து வைத்தார்.

"இத எரிச்சுப்போடுங்கம்மா. இதுல ஒண்ணு, நாந்தேன் பொட்டுக்கடலை மடிச்சுக் குடுத்துட்டேன். மடிக்கறவன் படிச்சுப் பாத்தா மடிக்கறானுங்க?"

கடலையை வாங்கியது அவள் கொழுந்தன். எட்டாவது வரை படித்தவன். பஸ்ஸுக்கு நிற்கையில் கடலையைத் தின்றுவிட்டுத் தாளைப் பிரித்துப் படித்திருக்கிறான். ஊரும் பிள்ளைகளும் ஜீப்பும் அதில் இருந்தன. அண்ணியின் கதை என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. கடைக்குத் திரும்பி வந்து இது யார் கொடுத்த தாள் என்று சத்தம் போட்டிருக்கிறான். பாய் தெரியாது என்று சொல்லிவிட்டாராம்.

ஆனால் அந்த ஊரில் அப்படி எழுதக்கூடியவள் வேறு யார்? எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரைட்டரின் தங்கை என்பதால் என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிகாரம் என்ற தலைப்பில் அத்தனை பக்கம் எழுதியவளுக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கைக்குழந்தை அவளோடு. மூத்தது அப்பன் வீட்டில்.

அடுத்த நாளே பனியில் நடந்து அவள் பிறந்த ஊருக்குப் போனேன். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. உங்கள் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எம்பேரு ஒண்ணுதானுங்க அதுல இல்ல. மத்ததெல்லாம் நாந்தானுங்களே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு பரீட்சை எப்போது என்று கேட்டாள். அடுத்த மாசம் என்றேன். நல்லா எழுதுங்க அம்மிணி என்று சொல்லிவிட்டு மறுபடி முறத்தை எடுத்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அந்த மலையில் வீட்டுக்கு வந்தவரிடம் அப்படிக் கேட்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. ஏழெட்டு முறை எழுதிய கை, தானாக அந்த உதாரணத்துக்குப் போய்விட்டது. அரைப் பக்கம் எழுதிய பிறகு அடித்தேன். வேறு எதுவும் எழுத வரவில்லை. அதனால்தான் தோற்றேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் மற்ற தாள்களையும் நான் ஒழுங்காக எழுதவில்லை. கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். அந்த மூத்த பெண் அம்மாவிடம் திரும்பினாளா என்று விசாரிக்க இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இந்த இதழும் ஒருநாள் எடைக்குப் போகும், எங்கேயோ ஒரு கடையில் யாரோ இதில் கடலை மடிப்பார்கள். அதனால் ஊரை மறைத்திருக்கிறேன், பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றியிருக்கிறேன், அவள் என்னிடம் சொன்ன ரகசியமும் இதுவல்ல. நான் செய்ததை மட்டும்தான் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.