ஹெலிகாப்டருக்கு நாலு கிலோ ஜாஸ்தி

ராணுவத்துக்குள்ளேயே ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாறுவது, ஒரே தெருவில் வீடு மாறுவது மாதிரி என்று நினைத்திருந்தேன். காலாட்படையில் ஐந்து வருஷம் அதிகாரியாக இருந்துவிட்டு, ஹெலிகாப்டர் ஓட்டுகிற பிரிவுக்குப் போகிறேன் என்று மனுப் போட்டேன். விமானியாக லாயக்கா என்று பார்க்கிற பரீட்சையை ஆயுளில் ஒரே தடவைதான் எழுதலாம். அதில் தேறிவிட்டேன். அப்புறம் மருத்துவப் பரிசோதனை. கண்ணைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், காலின் நீளத்தைக்கூட அளந்தார்கள். எல்லாம் சரி. கடைசியில் எடை மெஷின்மேல் ஏறச் சொன்னார்கள். நாலு கிலோ ஜாஸ்தி.

“ஆறு வாரம் டைம் தர்றேன், குறைச்சிட்டு வாங்க” என்றார் டாக்டர். குறையாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். “காலாட்படையும் நல்ல படைதானே” என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். இப்போது விட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தேன். செங்கம் ரோட்டில் என் நைனாவுக்கு ஒரு சின்ன டிபன் கடை. அக்காவின் பிரசவத்துக்காக அம்மா கீழ்பென்னாத்தூர் போயிருந்ததால், வீட்டிலும் கடையிலும் நைனாவும் நானும்தான். அவரைவிட்டால் பத்தியச் சமையலுக்கு ஆள் கிடையாது என்பது என் கணக்கு. ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு எண்ணெய் இல்லாமல், உப்பில்லாமல், காரமில்லாமல் வருஷக்கணக்காகச் சமைத்துப் போடுகிறவர். “நாலு கிலோதானே? நான் பாத்துக்கறேன், நீ கம்முனு இரு” என்றார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். படையில் சேர்ந்த அன்றைக்கு, “இன்னா வேலடா குடுத்துக்கிறாங்க?” என்று நைனா போனில் கேட்டார். அவர் குரலில் பயம் தெரிந்தது. “கிடங்கு வேலை நைனா. கம்பளி, பூட்ஸ் எல்லாம் வாங்கி அடுக்கணும்” என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம் அந்தப் பொய்க்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியதாயிற்று. பனிமலை உச்சியில் காவலுக்குப் போனபோதெல்லாம், முன்கூட்டியே கம்பளிக் குவியல் பக்கத்தில் நின்று பத்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டு வாரம் ஒன்றாக அனுப்பினேன். நைனா அதைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் காட்டி, “எம்புள்ள வெயில் படாத வேலைல கீறான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மலையிலிருந்து இறக்கி ஒரு வருஷம் நாற்காலியில் உட்கார வைத்ததில்தான் எனக்குத் தொப்பை போட்டது.

தினமும் விடிந்ததும் வெறுங்காலோடு மலையைச் சுற்றினேன். பதினாலு கிலோமீட்டர். வந்தவுடன் ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி. மத்தியானம் கீரை, ராத்திரி மறுபடி கஞ்சி. அடி அண்ணாமலையில் கடலை மூட்டை எடை போடும் வியாபாரி ஒருவரின் தராசில் ஏழாம் நாள் ஏறி நின்றேன். ஒரு கிலோ ஏறியிருந்தது.

பழியை நான் பௌர்ணமிமேல் போட்டேன். நடுவில் ஒரு பௌர்ணமி வந்துவிட்டதல்லவா? அன்று கிரிவலப் பாதையில் வெறும் கையோடு நடந்து காட்டுங்கள் பார்ப்போம். பத்தடிக்கு ஒரு பந்தல். தொன்னையில் பொங்கல், புளிசாதம், சுண்டல். வேண்டாம் என்றால், “சாமி பிரசாதத்தையே வாணான்றியா?” என்று ஒரு அம்மா நடுரோட்டில் வழிமறிக்கிறார். எடை குறைக்க நடந்தவன் ஏழு தொன்னையைக் காலி பண்ணிவிட்டு வீடு வந்தேன்.

ஆனால் அடுத்த வாரம் பௌர்ணமி இல்லை. அப்போதும் அரைக் கிலோ ஏறியது. “அந்தத் தராசு வியாபாரத் தராசுடா, ஜாஸ்திதான் காட்டும்” என்றார் நைனா. நானும் நம்பினேன். என்னைப் படையில் எப்படித்தான் எடுத்தார்களோ!

மூன்றாம் வாரம் ஒரு காலை. நடந்துவிட்டு வந்தேன். கடையில் கூட்டம். நைனா வாசலில் சிலிண்டர்காரரோடு சண்டையில் இருந்தார். வருஷா வருஷம் வந்து தங்குகிற ஜெர்மன்காரம்மா ஒருவர் கஞ்சிக்காகக் காத்திருந்தார். அவருக்கும் எனக்கும் ஒரே பத்தியம், ஒரே கஞ்சி என்பதுதான் நைனா சொன்ன கதை. சரி, உதவுவோமே என்று எனக்காக மூடி வைத்திருந்த சொம்பிலிருந்து அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். அந்தம்மா ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

“தம்பி, பத்து வருஷம் குடிக்கிறேன். இன்னைக்குதான் நல்லா இருக்கு. இன்னும் ஒண்ணு!”

எனக்குச் சுருக்கென்றது. பெரிய பாத்திரத்திலிருந்து அவருடைய கஞ்சியை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருந்தது. இத்தனை நாளும் நடந்த பசியில்தான் என் கஞ்சி ருசிக்கிறது என்று நினைத்திருக்கிறேனே, அட மடையா!

கூட்டம் கலைந்ததும் சொம்போடு அடுப்பங்கரைக்குப் போனேன்.

“இதுல இன்னா போட்ட நைனா?”

“கேவுரு.”

“அப்புறம்?”

“தண்ணி.”

“அப்புறம்?”

அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “கொஞ்சம் வேர்க்கடல அரைச்சி ஊத்தனேன். கொஞ்சம் தேங்காப்பாலு. நெய்யி ஒரே ஒரு கரண்டி.”

“எந்தக் கரண்டி?”

சாம்பார்க் கரண்டியைக் காட்டினார்.

கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். அவரும் கரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

“ஆமாண்டா, போட்டேன். இன்னான்ற இப்ப? கிடங்குல நெழல்ல உக்காந்துனு இருந்தவன், மேல போயி பறக்கறேன்ற. தரையில எது வந்தாலும் ஓடியாவது தப்பிச்சிக்கலாம். அங்க எங்கடா ஓடுவ?”

“கிடங்கே கெடையாது நைனா.”

போனை எடுத்து, அனுப்பாமல் வைத்திருந்த படங்களைக் காட்டினேன். பனி, துப்பாக்கி, தாடியில் ஐஸ் கட்டிய நான். என் ஆள் ஒருவனுக்கு நுரையீரலில் தண்ணீர் கட்டி உதடு நீலமானதையும், ஒரு நாள் முழுக்க அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். மேகம் கொஞ்சம் விலகிய நேரத்தில் ஒரு ஹெலிகாப்டர் வந்தது. எஞ்சினை நிறுத்தவேயில்லை. அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவன் பிழைத்துக்கொண்டான். அன்றைக்கு முடிவு பண்ணினேன்.

நைனா படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “அத்த ஓட்டினு வந்தவனுக்கு அப்பன் இருந்தானா?” என்று கேட்டார்.

“தெரியாது நைனா. மூஞ்சியக்கூட பாக்கல.”

முக்காலியில் உட்கார்ந்தார். “அஞ்சு வருஷம் நான் நிம்மதியா தூங்கனேன்டா. பக்கத்து கடைக்காரன் புள்ள படையில இருக்கறதுக்கு அவன் ராத்திரில முழிச்சினு கெடப்பான், நான் அவனுக்கு தைரியம் சொல்லுவேன். எவ்ளோ பெரிய கிறுக்கன் நானு.”

எனக்கு அசிங்கமாக இருந்தது. அவர் கஞ்சியில் செய்த திருட்டுத்தனம் என்னுடையதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் சுண்ணாம்புத் தண்ணீரை என் முன்னால் ணங்கென்று வைத்தார். “இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லிடணும். ஒண்ணு வுடக்கூடாது.” தலையாட்டினேன்.

அடுத்த பௌர்ணமிக்கு அவரே கூட வந்தார். தோளில் துண்டோடு எனக்கு முன்னால் நடந்து, பந்தலுக்குப் பந்தல், “இவனுக்கு எதுவும் குடுக்காதீங்க, வயித்துல கோளாறு” என்று அறிவித்துக்கொண்டே போனார். பதினாலு கிலோமீட்டருக்கும் என் வயிறு பிரபலமாகிவிட்டது. ஒரு அம்மா என் கன்னத்தைத் தடவி, “கல்யாணம் ஆயிடுச்சாப்பா?” என்று கவலையாகக் கேட்டார். மானம் போனாலும் எடை போனது. பரிசோதனையில் முந்நூறு கிராம் வித்தியாசத்தில் தப்பினேன்.

பயிற்சிக்கு வடக்கே போனேன். சொன்ன வாக்குப்படி தினமும் போன் பண்ணி ஒன்றுவிடாமல் சொன்னேன். வாத்தியார் திட்டியது, காற்றில் வண்டி ஆடியது, நான் தப்பான பொத்தானை அழுத்தியது எல்லாம். அவரும் கூச்சமில்லாமல் கேள்வி கேட்டார். ஒரு சாயங்காலம், “நாளைக்குக் காலைல வாத்தியார் இல்லாம மொதத் தடவ தனியா ஓட்டப்போறேன் நைனா” என்றேன்.

கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“எல்லாத்தையும் சொல்லுன்னேன்ல,” என்றார். “இத்த மட்டும் எறங்கினப்புறம் சொல்லியிருக்கலாம்டா.”

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இறங்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றியதும் போன் பண்ணினேன். பாதி மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

“எறங்கிட்டியா?”

“எறங்கிட்டேன் நைனா.”

டிபன் நேரம். ஆனால் தோசைக்கல் சத்தமும் இல்லை, கூட்டத்தின் சத்தமும் இல்லை. கடையில் யாரும் இல்லையா என்று கேட்டேன்.

“இன்னைக்கு கடை தொறக்கல,” என்றார்.