பின்சீட்டம்மா சொல்லும் விலை

"ஆக்சிலேட்டர முறுக்காத தம்பி. சும்மா ஓடட்டும்," என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டம்மா கண்ணை மூடிக்கொள்கிறாள். பட்டறையில் கவிழ்த்துப் போட்ட ஆயில் டின்தான் அவளுக்கு நாற்காலி. வலது உள்ளங்கை வண்டியின் பின்சீட்டில், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் பதிந்திருக்கிறது. வண்டிக்குச் சொந்தக்காரரான மருந்துக்கடைக்காரர், மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டதிலிருந்து பர்ஸை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர்தான் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தவர்.

கண்ணைத் திறந்ததும் தீர்ப்பு வருகிறது. "இன்ஜின்ல ஒண்ணும் இல்ல. செயின் தொங்கிப் போயிருக்கு, பின்னாடி பல்சக்கரம் தேஞ்சிருக்கு. இதுக்கு எதுக்கு இன்ஜின இறக்கணும்?"

கையைத் துணியில் துடைத்தபடி மெக்கானிக் முனகுகிறார். "இறக்கித்தான் ஆகணும்னு சொல்லலக்கா. இறக்கிப் பாத்தா நல்லதுன்னுதான் சொன்னேன்."

"யாருக்கு நல்லது?"

மெக்கானிக்குக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்தால் தொகை பாதியாக இறங்கிவிடும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அடக்க முடிவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த அம்மா இன்றுவரை எந்த வண்டியின் கைப்பிடியையும் தொட்டதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கணவருடைய ஒரே மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில்தான் அவளுடைய பயணம் முழுவதும். அந்த வண்டிக்கு இன்று வயதாகிவிட்டது. அதைச் செய்த கம்பெனியே அந்த மாடலை மறந்துவிட்டது. "ஓட்டறவங்களுக்குக் கண்ணு ரோட்டுல, காது ஹாரன்ல. இன்ஜின் பேசறது பின்னாடி உக்காந்திருக்கறவளுக்குத்தான் கேக்கும்" என்பாள். படிப்பைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "பள்ளிக்கூட பெஞ்சுல அஞ்சு வருஷம் உக்காந்தேன், ஒண்ணும் ஏறல. பின்சீட்டுல உக்காந்தேன், எல்லாம் தானா ஏறிடுச்சு" என்று கழுத்தை நிமிர்த்திக்கொள்வாள். அந்த நிமிர்வுக்கு அவள் உழைத்திருக்கிறாள். யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல.

பிழைப்பு, சீட் கவர் தைப்பது. வீட்டு முன்னறையில் கனமான தையல் மிஷின், சுவரோரம் சுருட்டி நிறுத்திய ரெக்சின், மூலையில் பஞ்சு வெளியே தள்ளிய பழைய சீட்டுகள். கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்பை அவள் கழற்றி யாரும் பார்த்ததில்லை. ஊசி ஏறி ஏறி இடது ஆள்காட்டி விரலின் நுனி மரத்துப்போய்விட்டது. "சூடான சைலன்சர இந்த விரலால தொட்டுக் காட்டட்டுமா?" என்று சிறுபிள்ளைகளிடம் பந்தயம் கட்டுவாள். பந்தயத்துக்கு யாரும் வருவதில்லை.

விலை பார்க்கும் பழக்கம் வந்தது கணவரால்தான். தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் வீடு வீடாக ஏறி இறங்கி ஓய்வு பெற்றவர் அவர். கேட்ட விலையைக் கொடுத்து, கொடுத்ததற்கு நன்றியும் சொல்லிவிட்டு வருகிற மனிதர். புதிதாகக் கிளட்ச் பிளேட் போட்டதாகச் சொல்லி ஒருவர் காசு வாங்கிய அதே வாரம், மேட்டில் ஏறும்போது வண்டி இரைந்ததே தவிர நகரவில்லை. கைக்குழந்தையோடு பின்னால் இருந்தவள் இறங்கி, நேரே அந்தப் பட்டறைக்கு நடந்தாள். கழற்றிய பழைய பிளேட்டைக் கொடு என்றாள். தூக்கிப் போட்டாச்சு என்றான் அவன். அப்படியானால் திறந்து புதுசைக் காட்டு என்று குழந்தையோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். திறந்ததில் பழசு உள்ளேயே இருந்தது. அன்று உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அவளுடைய கணக்கு சுலபமானது. சாமான் என்ன விலை என்பதை வாங்கப் போகிறவள் மாதிரி கடையில் விசாரித்துவிட்டுத்தான் பட்டறைக்கே வருவாள். கூலிக்கு, மெக்கானிக்கின் கை வண்டியில் இருந்த நேரம் மட்டுமே கணக்கு. டீ குடித்ததும் போன் பேசியதும் அவனவன் சொந்த நேரம். பழைய வண்டி என்றால் இன்னொன்றும் சேர்ப்பாள். "இந்த மாடலுக்குச் சாமான் கடையில தொங்காது. தேடி அலையறவன் காலுக்கும் கூலி உண்டு. அத கொடுக்க மாட்டேன்னா புது வண்டி வாங்கிக்க." கடை வைத்துப் பிழைத்தவர்களுக்கு இதன் நியாயம் உடனே புரியும்.

ஆகவே அவள் விலையை இறக்க மட்டும் வருகிறவள் என்று நினைத்தால் தப்பு. ஒரு முறை ஒரு பையன் வால்வு வேலைக்கு அடிமாட்டு விலை சொன்னான். வண்டிக்காரர் பூரித்துப்போனார். இவளோ, "இவ்ளோ கம்மியா செஞ்சா என்னத்தப் போடுவ? எவன் வண்டியிலயோ கழட்டினதையா? நியாயமா கேளு, நியாயமா செய்" என்று திட்டித் தொகையை ஏற்றிவிட்டாள். பூரித்தவர் அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடுவதே இல்லை. மெக்கானிக்குகள் முகத்துக்கு நேரே அக்கா என்றும், முதுகுக்குப் பின்னால் பின்சீட்டு என்றும் சொல்கிறார்கள். அது அவளுக்குத் தெரியும். பட்டம் கொடுத்தது போல வைத்துக்கொண்டாள். கூலி வாங்குவதில்லை, டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பாள், தண்ணியாக இருந்தால் அதையும் சொல்வாள்.

இப்பேர்ப்பட்டவளிடம்தான் போன மழைக்காலத்தில் ஒருவர் முப்பதாயிரம் என்று சொன்னார்.

சொன்னவர் புதியவர் அல்ல, பாலத்தடிப் பட்டறைக்காரர். அவளுடைய சொந்த வண்டிக்குக் காலகாலமாக வேலை பார்ப்பவர், ஒரு கேபிளுக்காக அவளோடு அரைநாள் சண்டை போடக்கூடியவர். வண்டி நீலமாகப் புகை விடுகிறது என்று கணவனும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதைத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். பட்டறைக்காரர் ஒரு உதை உதைத்து ஓடவிட்டார், அணைத்தார், தொண்டையைச் செருமினார்.

"இன்ஜின் மொத்தமா போச்சுக்கா. முப்பது ஆகும். வண்டிய வித்தாக்கூட அவ்ளோ வராது. பேசாம தள்ளிவிட்டுடுங்க."

பின்சீட்டம்மா கோபப்படவில்லை. பிஸ்டன் ரிங் என்ன விலை என்று கேட்டாள். சரியான விலையைச் சொன்னார். வால்வு? அதுவும் சரி. லேத்தில் கடைந்து தருவதற்கு? அதிலும் ஒரு காசு கூடுதல் இல்லை. தனித்தனியாக எல்லாம் நியாயம், சேர்த்தால் மட்டும் அநியாயம். இதைச் சுட்டிக்காட்டியபோது அவர் மறுத்துப் பேசக்கூட இல்லை. "எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்கா" என்றார்.

அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. நியாயமான விலை சொல்கிறவன் சொல்லும்போது வண்டியைப் பார்ப்பான். ஏமாற்றுகிறவன் வந்தவரின் சட்டையையும் செருப்பையும் பார்ப்பான். இவர் இரண்டையும் பார்க்கவில்லை. அவளுடைய கணவரைப் பார்த்தார். கணவரோ, பக்கத்துப் பஞ்சர் கடைப் பலகையில் எழுதியிருந்த காற்று அளவைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்துக்கொண்டிருந்தார்.

யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வண்டியை அங்கேயே விட்டு நடந்தாள். வானம் மூடியிருந்ததால் எதிரே வந்த பஸ் பகலிலேயே விளக்கைப் போட்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் கணவர் நின்றுவிட்டார். பஸ் கடந்து போன பிறகும் ஒரு கணம் நின்று, காலால் தடவிப் பார்ப்பது போல அடுத்த அடியை வைத்தார்.

இரண்டு மாதமாக வண்டி தாமதமாக நிற்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் இருந்தபடியே பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று தீர்மானித்து மாற்ற வைத்தாள். மாற்றியும் அப்படியே இருந்ததால், டூப்ளிகேட் போட்டுவிட்டாய் என்று பட்டறைக்காரரை நாலு பேர் முன்னால் பிடித்து உலுக்கி, காசு வாங்காமல் இன்னொரு முறை மாற்ற வைத்தாள். அந்த மனிதர் வாயே திறக்காமல் மாற்றிக் கொடுத்தார். அவள் உடம்பு உணர்ந்தது சரிதான். வண்டி தாமதமாகத்தான் நின்றது. தாமதம் பிரேக்கில் இல்லை என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் போனது.

வீட்டுக்கு வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். தைக்கவில்லை.

"எத்தன நாளா?"

கணவர் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். "ஆறு மாசம் இருக்கும். எதிர்ல லைட்டு வந்தா உடைஞ்ச கண்ணாடி மாதிரி சிதறுது. ரோடு எங்க இருக்குன்னே தெரியல."

"அத என்கிட்ட சொல்லாம பட்டறையில போய் சொன்னீங்களாக்கும்."

"அவன் கண்டுபிடிச்சுட்டான். நீ ரெண்டாவது தடவ சண்ட போட்டப்ப, தனியா கூப்பிட்டுக் கேட்டான்." சொம்பை ஓரமாக நகர்த்தினார். "உன்ன பின்னாடி வெச்சுக்கிட்டு ஓட்ட பயமா இருக்கு. எனக்கு முடியலன்னு சொன்னா நீ எங்கயும் போக மாட்ட, என்னப் பாத்துக்கிட்டு வீட்டோட உக்காந்துடுவ. வண்டி போச்சுன்னா போச்சு. உன் கோவம் வண்டி மேல இருக்கும்."

அவள் ரெக்சின் வெட்டும் கத்தரியை எடுத்து, வெட்ட எதுவும் இல்லாமல், திரும்ப வைத்தாள். அந்த வண்டி ஓடினால் அவருக்கு ஆபத்து. ஓடாவிட்டால் அவளுக்கு உலகத்தில் ஓர் இடம் போகிறது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போகிற வழியெல்லாம் அவள் பார்த்தது அவருடைய தோளுக்கு மேலாகத்தான். ஊருக்கெல்லாம் விலை பார்த்தவளுக்கு, இந்த இழப்புக்கு விலை பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. அன்று மாலை வீட்டு வாசலில் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு விலை பார்க்கக் கூப்பிட்டபோது, தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை தனியாகப் பாலத்தடிக்குப் போனாள். பட்டறைக்காரர் அவளைக் கண்டதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எதையோ தேடுவது போலக் குனிந்தார்.

"முப்பதுன்னு சொல்ல நாக்கு கூசல?"

"அண்ணன்தான் பெருசா சொல்லுன்னாருக்கா. நான் இருபது சொல்லலாம்னுதான் இருந்தேன். இருபதுன்னா நீங்க பேசிப் பேசிப் பத்துக்குக் கொண்டாந்துடுவீங்க, அப்புறம் நான் செஞ்சு கொடுத்துத் தொலைக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எப்போதும் போல ஆயில் டின்னில் உட்கார்ந்தாள். ரிங், வால்வு, லேத், தேடி அலையும் கூலி எல்லாம் போட்டுப் பதினோராயிரத்தில் நின்றார்கள். இரண்டு பேரும் தலையாட்டிய பிறகு, மடித்து வைத்திருந்த இன்னும் சில தாள்களை மேலே வைத்தாள். இது எதற்கு என்றார் அவர்.

"பிரேக் ஷூவுக்கு. ரெண்டாவது தடவ கழட்டி மாட்டினியே, அதுக்கு."

"அது பரவால்லக்கா."

"பரவால்லன்னு நீ சொல்லாத. விலைய நான்தான் சொல்லணும்." குரல் உரமாகத்தான் வந்தது. ஆனால் அவர் தாள்களை எடுக்கும்வரை அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புகை நின்று, சத்தம் அடங்கி வண்டி வீட்டுக்கு வந்த அன்று மகளும் வந்தாள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள், இதே வண்டியில் அப்பாவிடம் ஓட்டக் கற்றவள். இனி வண்டி அவளிடம் இருக்கட்டும் என்று பின்சீட்டம்மா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். கண் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே நேரம் வாங்கியிருந்தது. புரை விழுந்திருந்தால் எடுத்துவிடலாம் என்று போனில் சொல்லியிருந்தார்கள்.

மகள் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். கணவர் பழக்க தோஷத்தில் முன்பக்கம் போய், கைப்பிடிக்காகக் கையை நீட்டி, மகளைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார். பிறகு பின்பக்கம் வந்து நின்றார். அந்த வண்டியில் அவர் ஒரு நாளும் பின்னால் உட்கார்ந்ததில்லை. எந்தக் காலை முதலில் தூக்குவது, எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் விழித்தார்.

"ஏறுங்கப்பா, டாக்டர் போயிடுவாரு," என்றாள் மகள்.

வாசற்படியில் நின்றிருந்த பின்சீட்டம்மா இறங்கி வந்தாள். வண்டி ஓடும் சத்தத்தைக் கேட்கக்கூட நிற்கவில்லை. குனிந்து, மடங்கியிருந்த பின் ஃபுட்ரெஸ்ட்டைக் கையால் இறக்கிவிட்டு, அவருடைய செருப்புக் காலைப் பிடித்து அதன்மேல் எடுத்து வைத்தாள்.