பந்தக்காரன் காட்டிக்கொடுத்த வாரம்

சமஸ்தானம் ஒழிந்த வருஷம் அரண்மனை லாயத்துக் குதிரைகளை விற்றார்கள். அவற்றுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த எனக்கும் வேலை போயிற்று. பிறகு சித்தன்னவாசலுக்கு வருகிறவர்களை மாட்டுவண்டியில் கூட்டிப்போனேன். அங்கே குகையில் பழைய சித்திரம் மங்கிக் கிடக்கும். வந்தவர்கள் ஏமாந்து திரும்பக் கூடாதே என்று ராஜா கதைகள் சொல்லுவேன். எல்லாம் நானே கட்டியது. ஒருநாள் மெட்ராஸ் வாரப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். என் மாடுகளில் ஒன்று எப்போதும் ஒரு பக்கமாகவே இழுக்கும். அன்றைக்கு அது வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டது. ஆள் வந்து தூக்கிவிடுகிற வரைக்கும் அவர் என் கதையைத்தான் கேட்க வேண்டியிருந்தது. நல்ல மாடு, பாவம். "எழுதி அனுப்புங்க, போடுறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் வரும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். தாயில்லாத பிள்ளை. அப்படித்தான் நான் சரித்திர நாவல் எழுதுகிறவன் ஆனேன்.

சுற்றுவட்டாரத்து வழக்கம் ஒன்றிரண்டு இருந்தால்தான் கதையில் பொய் நிற்கும். குடுமியான்மலைக்குத் தெற்கே ஒரு ஊர்த் திருவிழாவில், சாமிக்கு முன்னால் முதல் பந்தம் பிடிக்கிற உரிமை ஒரு குடும்பத்துக்கு உண்டு. அவர்களுடைய முப்பாட்டன் போர்க்களத்தில் ராஜாவுக்குப் பந்தம் பிடித்தான், அதற்காக ராஜா கொடுத்த உரிமை அது என்று கதையில் வைத்தேன். அந்த வீட்டார் பூரித்துப்போனார்கள். பத்திரிகைப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அந்தச் சந்தோஷத்திலேயே வீட்டுப் பெரியவரும் சம்சாரமும் தங்கள் மகனுக்கு என் மகளைப் பெண் கேட்டும் வந்தார்கள். தாம்பூலம் மாற்றினோம். திருவிழா முடிந்து கல்யாணம் என்று பேச்சு.

இதற்கிடையில் கதை சப்பென்று போகிறது, ஒரு துரோகம் வேண்டும் என்று பத்திரிகையிலிருந்து எழுதினார்கள். கோட்டைக்குள் போகும் ரகசிய வழி கதையில் யாருக்குத் தெரியும்? பந்தக்காரனுக்குத்தான். அவன் எதிரிப்படைக்கு வழிகாட்டிக்கொண்டு போகிறான் என்று சொன்னேன்.

மகள் பேனாவை நிறுத்தினாள். "இவரு அவுக வீட்டு முப்பாட்டன்ல?"

"கதைதான ஆத்தா. எதிரியப் பொறியில மாட்டிவிடத்தான் கூட்டிட்டுப் போறான். அடுத்த வாரம் சொல்லிருவோம்."

தொடர்கதை எழுதுவது அப்படித்தான். ஒரு வாரம் முடிச்சுப் போட்டு, மறுவாரம் அவிழ்ப்போம். ஆனால் அந்த இரண்டு வாரத்துக்கும் நடுவில் திருவிழா வந்துவிட்டது.

சம்பந்தியின் பங்காளிகளுக்கு அந்தப் பந்தத்தின்மேல் வெகுகாலமாகக் கண். காப்புக் கட்டுகிற அன்று பத்திரிகையைக் கோயிலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். சேதி தெரிந்து நான் பஸ் பிடித்து ஓடியபோது ஊரே கூடியிருந்தது.

"துரோகி வம்சம் சாமிக்கு முன்னால நடக்கலாமா?" என்றார் பங்காளிகளில் மூத்தவர்.

"ஐயா, அது நான் கட்டுன கதைங்க. அடுத்த வாரம் வந்துருச்சுன்னா..."

"அடுத்த வாரமா? சாமிய அதுவரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்றீங்களா?"

சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "பொய்ய யாருய்யா மெட்ராசுல மிசின் வச்சு அடிப்பான்?" என்றார்.

நான் கிளம்பும்போது வீட்டில் மகள் கல்யாண மஞ்சள் புடவைக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் கண்ணில் நின்றது. "கற்பூரத்தைக் கொளுத்துங்க. நான் எழுதுனது அம்புட்டும் பொய்யின்னு சாமி முன்னாடி அணைச்சுச் சத்தியம் பண்றேன்" என்றேன்.

கொளுத்தினார்கள். நான் உள்ளங்கையை விரித்துக்கொண்டு குனிந்தேன். அப்போது அந்த மூத்தவர் மெதுவாகக் கேட்டார்: "அம்புட்டுமா? ராஜா இவுகளுக்குப் பந்தம் குடுத்தாருன்னீங்களே, அதுவும் பொய்தானே?"

என் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். சம்பந்தி. "அணைக்காதீங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அணைத்தால் அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிற பெருமை போகும். அணைக்காவிட்டால் துரோகம் நிற்கும். நாங்கள் இரண்டு பேரும் கைகோத்தபடி நிற்க, கற்பூரம் தானாகவே எரிந்து அணைந்தது. பந்தத்தைப் பங்காளிகள் எடுத்துக்கொண்டார்கள்.

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் சம்பந்தி கூடவே வந்தார். அந்த வருஷம் மழையும் இல்லை, கண்மாய் வெடித்துக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நடந்தார். பஸ் தெரிந்ததும் சொன்னார்: "பொண்ணுக்கு வேற எடம் பாருங்க. கோவத்துல சொல்லலைங்க. அது எங்க வீட்டுல வெளக்கேத்துறப்பல்லாம் எங்களுக்கு இந்த நாளுதான் நெனப்புக்கு வரும்."

"பொண்ணு என்னங்க பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலைங்க" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. "ஏறுங்க, பஸ் போயிரும்."

வீட்டில் மகள் என் முகத்தைப் பார்த்தாள். சோற்றைப் போட்டுவைத்தாள். நான் பிசைந்துகொண்டே இருந்தேன், வாய்க்குப் போகவில்லை.

நடந்ததைச் சொல்லி முடித்ததும், "அவுக வீட்டு அத்தை அழுதாகளாப்பா?" என்றாள்.

"தெரியல ஆத்தா. நான் வீட்டுக்குள்ள போகல."

"போயிருக்கலாம்ல" என்றாள்.